மந்தை இல்லாத தாமானில் மேய்ச்சல் நாய்: வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சுபாங் ஜெயா - தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாய் வளர்ப்பு என்பது தனியாகப் படிக்க வேண்டிய பாடமாக இருந்ததில்லை. லயத்து வீட்டு வாசலில் படுத்திருக்கும், மீந்த சோற்றைத் தின்னும், மாடு மேய்க்கப் போகிறவர் பின்னால் ஓடும், இரவில் குரைக்கும். கயிறும் கிடையாது, கழுத்துப்பட்டையும் கிடையாது. நாள் முழுக்க அதற்கு ஏதோ ஒரு வேலை இருந்தது.

இன்று சுபாங் ஜெயா என்று நாம் சொல்லும் இடத்தின் பெரும்பகுதி ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம்தான். 1970களில் வீடுகள் எழத் தொடங்கின. 1980களின் இறுதியில் யூ.எஸ்.ஜே. பக்கம் விரிந்தது. 2020 அக்டோபரில் மாநகர் தகுதியும் கிடைத்துவிட்டது. மாடும் இல்லை, மேய்ச்சல் நிலமும் இல்லை. ஆனால் நம்மவர் வீடுகளில் இப்போது அதிகம் ஆசைப்படுவது எந்த நாய்க்குத் தெரியுமா? மந்தை மேய்ப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட இனங்களுக்கு. பார்டர் கோலி, கோர்கி, ஷெல்டி எனப்படும் ஷெட்லண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், நம் பெரியவர்கள் 'அல்சேஷன்' என்று சொல்லும் ஜெர்மன் ஷெப்பர்ட் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை.

கைப்பேசியில் காணொளி பார்த்த பிள்ளை அடம் பிடிக்கும். அப்பா விலை விசாரிப்பார். வாங்கி வந்த ஆறு மாதம் எல்லாம் இனிக்கும். அதற்குப் பிறகுதான் வீட்டில் தகராறு தொடங்கும். "கடிக்கிறது, ஓயாமல் குரைக்கிறது, சோபாவைக் கிழித்துவிட்டது" என்று குறை சொல்வார்கள். நாய் மேல் தவறில்லை. அது தன் வேலையைத் தேடுகிறது.

ஓடும் குழந்தையும் ஓர் ஆடுதான்

மேய்ச்சல் நாய்க்குள் இருப்பது உண்மையில் வேட்டை நாயின் குணமே. குறி வைத்துப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, வளைத்துப் பிடிப்பது, கொல்வது என்ற வரிசையில், கடைசிப் பகுதியை மனிதர்கள் பல தலைமுறைத் தேர்வினால் மழுங்கடித்தார்கள். முதல் பகுதியைக் கூர்மையாக்கினார்கள். இங்கிலாந்து - ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் உருவான பார்டர் கோலி, ஆட்டைக் கண்ணாலேயே முறைத்து நகர்த்தும். வேல்ஸ் நாட்டுக் கோர்கி, மாட்டின் குதிகாலைக் கவ்விக் கிள்ளி ஓட்டும். அதன் குட்டைக் கால்கள் அழகுக்காக வந்தவை அல்ல. உதைக்கும் மாட்டின் காலுக்குக் கீழே தப்பிப்பதற்கு உதவியவை. ஜெர்மன் ஷெப்பர்ட் மந்தையைச் சுற்றிச் சுற்றி நடந்து, பயிருக்குள் ஆடு இறங்காதபடி நடமாடும் வேலியாக நிற்கும்.

தமிழ்நாட்டில் கிடை போடும் கீதாரிகளின் நாய் பெரும்பாலும் வேறு ரகம். ஆட்டை ஓட்டுவது மனிதன் வேலை. இரவில் பட்டியைக் காப்பது நாயின் வேலை. அதனால்தான் நம் வழக்கத்தில் நாய் என்றாலே காவல் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மேய்ச்சல் நாய் அப்படி ஒரு மூலையில் படுத்துக் காவல் காக்கும் பிராணி இல்லை. பகல் முழுவதும் ஓடி, மேய்ப்பனின் சீழ்க்கைக்குத் திரும்பி, முடிவெடுத்து, மறுபடி ஓடப் பிறந்தது.

இப்படிப்பட்ட நாயை இருபதுக்கு எழுபது அடி தொடர்வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் விட்டால் என்ன ஆகும்? கம்பிக் கதவுக்கு வெளியே போகும் மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் அதற்கு மந்தையை விட்டுப் பிரிந்த மாடு. உணவு கொண்டு வருபவரையும் தபால்காரரையும் துரத்தும். வீட்டுக்குள் குழந்தைகள் ஓடிப்பிடித்து விளையாடினால், வளைத்து ஒரு மூலைக்கு ஒதுக்கும். நிற்காத குழந்தையின் காலைக் கிள்ளும்.

"நாய் பிள்ளையைக் கடித்துவிட்டது" என்று பதறும் பெற்றோர் இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இது கோபத்தில் வரும் கடி அல்ல. அதற்காக விட்டுவிடவும் கூடாது. மூன்று வயதுக் குழந்தையின் காலில் பல் பட்டால் பட்டதுதான். நாயை அடித்தால் இந்தப் பழக்கம் போகாது, பயம்தான் சேரும். பயந்த நாயின் கடி நிஜமான கடி. செய்ய வேண்டியது இரண்டு. நாய் துரத்த ஆரம்பித்ததும் அசையாமல் மரம்போல் நிற்கக் குழந்தைக்குப் பழக்குங்கள். ஓடாத ஆட்டை ஓட்டுவதில் நாய்க்குச் சுவாரசியம் இல்லை. அடுத்து, குழந்தைகள் ஓடும் நேரத்தில் நாயைக் கயிற்றில் வைத்து, அவர்களைப் பார்த்தும் துரத்தாமல் உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் தீனி கொடுங்கள். குட்டியாக இருக்கும்போதே தொடங்கினால் சில வாரங்களில் பலன் தெரியும். எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சிறு குழந்தையோடு தனியாக விட வேண்டாம்.

வேலை கொடுக்க நேரம் இருக்கிறதா?

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய கேள்வி இதுதான். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, எல்.டி.பி. அல்லது கெசாஸ் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி, இரவு ஏழரைக்கு வீடு திரும்பும் தம்பதியர், அதற்குப் பிறகு ஒரு பார்டர் கோலிக்கு என்ன செய்ய முடியும்? முடியும் என்றால் வாங்கலாம். காலையில் முக்கால் மணி, மாலையில் ஒரு மணி, இடையில் பத்துப் பத்து நிமிடமாக மூளைக்கு வேலை. இது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அல்ல, தினமும். பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு. இன்று படிவம் ஒன்றில் படிக்கும் பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும்வரை அந்த நாய் இருக்கும்.

ஓட்டத்தை விட மூளை வேலை முக்கியம் என்பது பலருக்குத் தெரியவில்லை. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர், 'சேசர்' என்ற தம் பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒவ்வொரு நாளும் மணிக்கணக்கில் அவர் அதனோடு உழைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவ்வளவு அறிவுள்ள மிருகத்துக்கு நாம் வேலை கொடுக்காவிட்டால், அதுவே வேலை கண்டுபிடித்துக்கொள்ளும். செருப்பைக் குதறுவது, நிழலைத் துரத்துவது, தன் வாலையே சுற்றிச் சுற்றிப் பிடிப்பது எல்லாம் அப்படி வருபவை.

வீட்டிலேயே செய்யக்கூடியவை நிறைய உண்டு. சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல், பழைய துண்டில் சுருட்டியோ அட்டைப் பெட்டிகளில் ஒளித்தோ தேட விடலாம். அப்பாவின் செருப்பு எது, அம்மாவின் செருப்பு எது என்று பெயர் சொல்லிக் கொண்டுவரப் பழக்கலாம். பந்தை மட்டும் ஐம்பது தடவை எறிந்துகொண்டே இருப்பது நல்லதல்ல. நாய் அதற்கு அடிமையாகிவிடும். நம் வெயிலில் மூச்சு வாங்கினாலும் நிறுத்தாது.

ஒரு சின்ன விஷயம். பாட்டி "உட்காரு" என்பார், பேரன் "சிட்" என்பான், வீட்டுப் பணிப்பெண் "டுடுக்" என்பார். நாய்க்கு எந்த மொழியும் வரும், ஆனால் ஒரு செயலுக்கு ஒரு சொல்தான் வேண்டும். குடும்பமாக உட்கார்ந்து சொற்களை முடிவு செய்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். தமிழிலேயே இருந்தால் இன்னும் நல்லது. பூங்காவில் பிறர் தங்கள் நாய்க்குப் போடும் கட்டளைக்கு உங்கள் நாய் எழுந்து ஓடாது.

எந்த இனம், எந்த வீட்டுக்கு?

என்னைக் கேட்டால், முதல் முறையாக நாய் வளர்க்கும் குடும்பம் பார்டர் கோலி, ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் ஆகிய இரண்டையும் தொட வேண்டாம். ஷெல்டி அளவில் சிறியது, குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் குரைப்பு அதிகம். சுவரை ஒட்டிச் சுவர் இருக்கும் தொடர்வீட்டில் அண்டை வீட்டுக்காரரின் பொறுமையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கோர்கி சற்று நிதானமானது. அதன் நீண்ட முதுகுதான் பலவீனம். மாடி வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை படி ஏறி இறங்கினாலோ, உடல் பருத்தாலோ முதுகுத் தட்டு விலகிப் பின்னங்கால் செயலிழக்கும் அபாயம் உண்டு. மாடிப்படிக்கு ஒரு தடுப்புக் கதவு போட்டுவிடலாம். வீட்டில் முதியவர் இருந்தால், கயிற்றை இழுக்கும் பெரிய நாயை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட் நாயைப் பற்றி ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மலேசியக் கால்நடைச் சேவைத் துறையின் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களின் பட்டியலில் ராட்வைலர், டாபர்மேன் ஆகியவற்றோடு ஜெர்மன் ஷெப்பர்டும் பெல்ஜியன் ஷெப்பர்ட் போன்ற அதன் உறவு இனங்களும் இருக்கின்றன. தடை செய்யப்பட்ட பிட்புல் போன்ற இனங்களின் பட்டியல் வேறு. இது கட்டுப்பாட்டுப் பட்டியல். ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன்னால் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் உரிமப் பிரிவில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த இனத்துக்கு உரிமம் கிடைக்குமா? என் வகை வீட்டில் எத்தனை நாய் வளர்க்கலாம்? பொது இடத்துக்குக் கொண்டு போக என்ன நிபந்தனை? அடுக்குமாடியிலோ கொண்டோமினியத்திலோ இருப்பவர்கள் கட்டட நிர்வாகத்தின் விதியையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். "பக்கத்து வீட்டில் வளர்க்கிறார்களே" என்பது அதிகாரி கதவைத் தட்டும்போது பதிலாகாது. எந்த நாயானாலும் உரிமம் எடுத்து, அந்த வில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டுவது அவசியம்.

குட்டி வாங்கும் இடத்தில் தாய் நாயைப் பார்க்கக் கேளுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். கூச்சமும் கடுகடுப்பும் உள்ள தாயின் குட்டி பெரும்பாலும் அப்படியே வரும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை எடுக்காதீர்கள். மலேசிய கென்னல் சங்கப் பதிவுத் தாள் இருப்பதாகச் சொன்னால், தாளில் உள்ள சில்லு எண்ணும் குட்டியின் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கருவியால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோரின் இடுப்பு எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்பதும் நியாயமான கேள்வியே.

குட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. சுபாங்கில் உள்ள பாவ்ஸ், அம்பாங்கில் உள்ள எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர் போன்ற காப்பகங்களில் வளர்ந்த நாய்கள் காத்திருக்கின்றன. வளர்ந்த நாயின் குணம் கண்ணுக்குத் தெரியும். குட்டியின் குணம் வெறும் யூகம். பிள்ளைகளையும் அழைத்துப் போய், இரண்டு மூன்று தடவை நேரில் பழகிப் பார்த்து முடிவு செய்யலாம்.

உண்ணி மருந்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நம் நாட்டில் உண்ணி ஒழியாத தொல்லை. உண்ணிக்கும் சொறிக்கும் 'ஐவர்மெக்டின்' என்ற மருந்து பயன்படுகிறது, மலிவானது. ஆடு மாடுகளுக்கான ஊசி மருந்தை நாய்க்குப் போட்டுவிடும் பழக்கமும் உண்டு. பல நாய்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். கோலி வகை நாய்கள் பல தாங்காது.

காரணம் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் உள்ள ஒரு குறை. மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளும் 'காவல்காரன்' ஒன்றை அந்த மரபணுதான் உண்டாக்குகிறது. குறையுள்ள நாய்க்குக் காவல்காரன் இல்லை. மருந்து மூளையில் தேங்கும். எச்சில் வடியும், கண்மணி விரியும், நடை தள்ளாடும், பார்வை போகும், நினைவிழக்கும், இறந்தும் போகலாம். இந்தக் குறையை 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் தரும் கணக்குப்படி கோலி நாய்களில் சுமார் 70 விழுக்காடும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்டில் ஏறக்குறையப் பாதியும் இந்தக் குறையைச் சுமக்கின்றன. ஷெல்டியில் 15, ஜெர்மன் ஷெப்பர்டில் 10 விழுக்காடு அளவில் உள்ளது. பார்டர் கோலியில் குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

இதயப் புழுவைத் தடுக்க மாதந்தோறும் கொடுக்கும் மாத்திரையில் ஐவர்மெக்டின் மிகமிகக் குறைந்த அளவே இருக்கும். கால்நடை மருத்துவர் நாயின் எடை பார்த்துக் கொடுக்கும் அந்த அளவு இவற்றுக்கும் பாதுகாப்பானது. சொறிக்குக் கொடுக்கும் அளவு அதைவிடப் பல மடங்கு, ஆபத்து அங்கேதான். வயிற்றுப்போக்குக்கு நாம் மருந்தகத்தில் வாங்கும் 'லோபராமைட்' மாத்திரையும் இதே நாய்களுக்கு விஷம். மனிதர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வைத்தியம் இங்கே வேண்டவே வேண்டாம். கன்னத்தின் உட்புறத்திலிருந்து பஞ்சால் எடுக்கும் மாதிரியிலேயே இந்தக் குறையைக் கண்டறியலாம். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சோதனை செய்யும்வரை, எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் "இது கோலி வகை" என்று முதலில் சொல்லிவிடுங்கள். கலப்பினமானாலும் சொல்லுங்கள். மருந்து கொடுத்த பிறகு நாய் தள்ளாடினால் காத்திருக்காமல் அருகிலுள்ள கிளினிக்குக்கு ஓடுங்கள். சிக்கலான நோய்களுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

அதற்காக உண்ணியை அப்படியே விட்டுவிட முடியாது. அது பரப்பும் காய்ச்சல் இரத்த அணுக்களை அழித்து நாயைக் கொல்லும். இனத்தைச் சொல்லி, மருத்துவர் தரும் மருந்தைத் தவறாமல் கொடுங்கள். உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் சாக்கடை மூடி ஓரத்திலும் முட்டையிடும். வீட்டையும் பார்க்க வேண்டும்.

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை போட வேண்டியது. எலிகள் உள்ள நம் பின்சந்துகளை நினைத்து, எலிக் காய்ச்சலுக்கான தடுப்பும் அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி நோய் 2015இல் தீபகற்பத்தின் வட மாநிலங்களிலும் 2017இல் சரவாக்கிலும் தலைதூக்கியதையும் நினைவில் வையுங்கள்.

வெயில், இடி, அண்டை வீடு

குளிர் நாட்டில் உருவான நாய்க்கு இரண்டு அடுக்கு உரோமம். வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று மழித்துவிடுகிறார்கள். அது தவறு. வெளி அடுக்கு வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் பொசுங்கும், உரோமம் பழையபடி வளராமலும் போகலாம். உள் அடுக்கில் உதிர்ந்த உரோமத்தை வாரத்தில் இரண்டு மூன்று முறை சீவி எடுத்தால் போதும். நடை பழகக் காலை எட்டு மணிக்கு முன், மாலை ஏழு மணிக்குப் பின். தார் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாக்கு கருஞ்சிவப்பாகி, மூச்சிரைத்து, தள்ளாடினால் அது வெப்பத் தாக்கம். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41ஐத் தாண்டினால் உறுப்புகள் பாதிக்கப்படும். முதலில் குழாய்த் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றிக் காற்றாடியின் முன் கிடத்துங்கள், பிறகு காரில் ஏற்றுங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே நிற்கும்.

சுபாங் வட்டாரத்தில் இடிமழைக்குப் பஞ்சமில்லை. கோலி வகைகளில் பல சத்தத்துக்கு மிகவும் நடுங்கும். தீபாவளி நெருங்கினால் பட்டாசும் சேர்ந்துகொள்ளும். சன்னல் இல்லாத ஓர் அறையில் அதன் படுக்கையைப் போட்டு, காற்றாடியும் வானொலியும் ஓட விட்டு, ஒரு மாதத்துக்கு முன்பே அந்த இடத்தைப் பழக்குங்கள். கதவு திறந்திருக்கும் நேரத்தில் பயந்தோடித் தொலையும் நாய்களும் உண்டு. சில்லில் உங்கள் தொலைபேசி எண் சரியாகப் பதிவாகியுள்ளதா என்று அப்போதே பாருங்கள். முறுக்கு ஒன்றும் செய்யாது. திராட்சை போட்ட பாயாசமும் கேசரியும், சாக்லெட்டும், வெங்காயம் போட்ட குழம்பும் நாய்க்கு ஆகாது.

திறந்த இல்ல உபசரிப்புக்கு முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள். நாயின் எச்சில் பட்டால் அவர்கள் சமயப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டும். "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்று சொல்லி அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம். விருந்தினர் வந்து போகும்வரை நாய் பின்கட்டில் அமைதியாக இருக்கப் பழகியிருக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் புதிதாகக் கட்டிப் போட்டால் ஊரைக் கூட்டும். தெருவில் எப்போதும் கயிறு, கையில் பை, கழிவை எடுத்துவிடுங்கள். பொதுப் பூங்காக்கள் பலவற்றில் நாய்க்கு அனுமதி இல்லை, அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். நாயோடு நடக்க வசதி உள்ள இடம் தேடுவோர் வார இறுதியில் டேசா பார்க்சிட்டி பக்கம் போகிறார்கள்.

2017 ஜூலை முதல் நடப்பில் உள்ள 2015 விலங்கு நலச் சட்டம், கொடுமை செய்பவருக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதே சட்டம், தன் விலங்கு இயல்பான குணத்தோடு நடந்துகொள்ள வழி செய்வதையும் உரிமையாளரின் கடமைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. மேய்ச்சல் நாய்க்கு அந்த இயல்பு ஓடுவதும் வேலை செய்வதும். வாங்கிய பிறகு முடியவில்லை என்று தெரிந்தால், பாசார் பக்கமோ செம்பனைத் தோட்டத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். முதலில் வாங்கிய இடத்திலும் பிறகு காப்பகத்திலும் பேசுங்கள். காப்பகங்கள் பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். புதிய வீடு கிடைக்கும்வரை சில மாதங்கள் நீங்களே வைத்திருக்க வேண்டியிருக்கலாம். அந்த மாதங்களிலும் காலை நடை உண்டு.